மடல்களால் வளர்ந்த அகராதி

பலர் கூடி இயற்றும் அறிவுப்பணிக்கு நெறிமுறை இன்றியமையாதது. எனினும், நெறிமுறை மட்டுமே அப்பணியை நிறைவேற்றிவிடாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உருவான வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

1857இல் இலண்டன் மொழியியற் கழகத்தில் இவ்வெண்ணம் அரும்பிற்று. முதற்பதிப்பாசிரியர் கோல்ரிட்ஜ், மேற்கோள் சீட்டுகளை வகைப்படுத்த 54 அறைகள் கொண்ட பெட்டியடுக்கை அமைத்தார், 1861இல் மறைந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற ஃபர்னிவலிடம் ஆர்வம் மிக்கிருந்தது. துணையாசிரியர்களுடன் தொடர்போ நாளடைவில் அற்றுப்போயிற்று. 1879இல் ஜேம்ஸ் மரே பதிப்பாசிரியரானபோது, 'எச்' எழுத்துக்குரிய சீட்டுகள் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கிடந்தன. 'பி' எழுத்துக்குரியவற்றுள் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் கிடந்தது; அவற்றுட் சில அடுப்பெரிக்கவும் பயன்பட்டிருந்தன!

மரே இரண்டு வழிகளைக் கைக்கொண்டார். சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், மேற்கோள் என ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரே அமைப்பை வகுத்தது ஒன்று. ஓயாது மடல் எழுதியது மற்றொன்று. ஒரு சொல்லில் ஐயம் எழுந்தால், அதனை ஆண்ட கவிஞரையே வினவினார். தென்னிசனுக்கும் அத்தகைய மடல் சென்றது. ப்ராட்மூர் மனநோயர் காப்பகத்தில் அடைபட்டிருந்த மருத்துவர் வில்லியம் மைனர், தாம் கற்ற நூல்களுக்குச் சொல்லடைவு அமைத்துக்கொண்டு, அகராதிக் குழுவினர் அவ்வேளையில் ஆராயும் சொற்கள் எவை எனக் கேட்டறிந்து, அவற்றுக்குரிய மேற்கோள்களையே அனுப்பிவந்தார். எந்த விதியும் தேடிக் கண்டிராத துணைவரை அஞ்சல் தேடித் தந்தது.

1883இல் ஆக்ஸ்ஃபோர்டுத் துணைவேந்தர் ஜோவெட்டும் அச்சக ஆட்சிக் குழுவினரும் புதிய விதிகளை விதிக்க முற்பட்டனர். செய்தித்தாள் மேற்கோள்களைத் தவிர்த்துப் புகழ்பெற்றோர் நூல்களையே நாடவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மக்கள் வழக்கைப் புறந்தள்ளும் அவ்விதியை மரே ஏற்கவில்லை. பதவி துறக்கவும் துணிந்தார். ஆட்சிக் குழுவினர் இறுதியில் இசைந்து கொடுத்தனர். 1884இல் முதற்பகுதி வெளிவந்தது.

பத்தாண்டில் முடியும் எனத் திட்டமிட்ட பணி 1928இல்தான் நிறைவெய்தியது. மரே 1915இலேயே மறைந்தார். மடல்வழி உசாவல் காலத்தை விழுங்கியது என்பதும் மெய்யே. ஆயினும், 4,14,825 சொற்கள் கொண்ட அவ்வகராதியின் பெருமை அவ்வுசாவலிலேதான் நிலைபெற்றுள்ளது.

சீட்டின் அமைப்பு, திரட்டியதைச் சிதறாமற் காத்தது. சீட்டில் எழுதத்தக்கது எது என்பதை மடலே காட்டிற்று. பத்தாண்டு நிறைந்து, கூட்டாகத் தொகுப்புகளை ஆக்கும் நம் வட்டத்தினர் விதிகளை வகுப்போம். அவற்றுக்கு முன்னர், ஒருவரையொருவர் கேட்டறிவோம்.