பத்துப் பைசாப் பிரயாணம்: வங்க மாணாக்கரின் அரைக்கட்டணக் கோரிக்கை

1969ஆம் ஆண்டு சனவரித் திங்களிலே டாக்கா நகரில் மாணாக்கர் வெளியிட்ட பதினோரு அம்சக் கோரிக்கையைப் பற்றி எழுதுவோர், அது பாக்கிஸ்தான் அதிபர் அயூப்கானின் ஆட்சியை அசைத்த வரலாற்றையே பெரிதும் எழுதுவர். மாகாண சுயாட்சி, வயதுவந்தோர் வாக்குரிமை, வங்கிகளையும் சணல் வாணிகத்தையும் தேசியமயமாக்குதல், அரசியற் கைதிகளின் விடுதலை என்னும் பெரும் பொருள்கள் அதன்கண் உள்ளன. ஆயினும், கல்வி பற்றிய முதலாவது அம்சத்தின் உட்பிரிவுகளுள் ஒன்று பிரயாணக் கட்டணத்தைப் பற்றியது. பெரியவற்றினிடையே அகப்பட்ட இச்சிறு பிரிவைப் பலர் கடந்து சென்றுவிடுவர். யாம் ஈண்டு அதனையே எடுத்துக்கொள்கின்றோம்.

அப்பிரிவு கேட்டவை இவை: அடையாள அட்டையைக் காட்டும் மாணாக்கருக்குப் புகையிரதம், நீராவிக் கப்பல், இயந்திரப் படகு ஆகியவற்றில் நூற்றுக்கு ஐம்பது வீதம் கட்டணம் குறைத்தல் வேண்டும், மாதச் சீட்டிலும் சலுகை வேண்டும், தூர இடங்களுக்குச் செல்லும் பஸ் வண்டிகளிலும் அவ்வாறே பாதிக் கட்டணம் வேண்டும், மாணவியர் கல்லூரிக்குச் சென்று வரப் போதிய பஸ் வண்டிகள் வேண்டும். இவற்றோடு, நகரத்துள் எவ்விடத்துக்கும் பத்துப் பைசாவுடன் பஸ்ஸிற் செல்ல வழி வேண்டும் என்பதும் கேட்கப்பட்டது. மேற்குப் பாக்கிஸ்தானில் உள்ளது போல என்னும் ஒப்பீடும் அங்கே சேர்க்கப்பட்டிருந்தது.

இவ்வொப்பீடுதான் கருதத்தக்கது. சணல் ஏற்றுமதியால் ஈட்டிய அந்நியச் செலாவணி மேற்கே செல்கின்றது, தலைநகரும் படையும் பதவியும் மேற்கே இருக்கின்றன என்பது கிழக்கு வங்க மக்களின் நெடுநாட் குறை. பொருளியல் அறிஞர் அதனைப் பட்டியல்களாற் காட்டினர். அப்பட்டியல்களைக் கண்டறியாத மாணாக்கனும் பஸ் வண்டியின் மிதிபலகையில் நின்று சில்லறையை எண்ணும்போது அதே குறையை உணர்ந்தான். கப்பலும் படகும் கோரிக்கையில் இடம்பெற்றமைக்குக் காரணம் தேடிச் செல்லவேண்டுவதில்லை. கங்கையும் பிரமபுத்திராவும் மேக்னாவும் பிரிந்து பாயும் அந்நாட்டில், பரிசால் முதலிய தென்பகுதி ஊர்களிலிருந்து டாக்காவுக்குக் கற்கவந்த பிள்ளைக்கு நதியே வீதியாகும்.

சனவரி 20ஆம் நாள் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் அசாதுஸ்ஸமான் என்னும் பல்கலைக்கழக மாணாக்கர் இறந்தார். நான்கு நாட்களின் பின் மத்தியூர் ரகுமான் என்னும் பள்ளிச் சிறுவன் இறந்தான். மார்ச் 25இல் அயூப்கான் பதவி துறந்தார். 1971இல் வங்காளதேசம் தனிநாடாயிற்று. பதினோரு அம்சங்களின் பெரும்பகுதி இவ்வாறு வரலாற்றின் வெள்ளத்தில் ஏதோ ஒரு வகையில் தீர்வு கண்டது. அரைக்கட்டணமோ வழக்கமாக நின்றதேயன்றிச் சட்டமாக நிலைபெறவில்லை. சில வண்டிகளில் ஏற்றனர், சிலவற்றில் மறுத்தனர்.

ஏன் இவ்வாறாயிற்று? 1961இல் நிறுவப்பட்ட அரச வீதிப் போக்குவரத்துக் கூட்டுத்தாபனத்தின் வண்டிகள் சிலவே. டாக்காவின் பஸ்களிற் பெரும்பாலன தனியாருடையவை. உரிமையாளர் பலர் தம் வண்டியை நாளொன்றுக்கு இவ்வளவு என ஒரு தொகை பேசிச் சாரதியிடம் விடுவர். அத்தொகை கொடுத்து, எரிபொருட் செலவும் கழித்து, எஞ்சியதே சாரதிக்கும் நடத்துநருக்கும் ஊதியம். ஆகவே மாணாக்கன் குறைத்துக் கொடுக்கும் பாதியை அரசும் இழப்பதில்லை, உரிமையாளரும் இழப்பதில்லை; அது நடத்துநரின் மடியிலிருந்தே போகின்றது. மாணாக்கனும் நடத்துநனும் நாள்தோறும் வாசலில் நின்று பிணங்கியது இதனாலேயே. இருவரும் வறியர், தீர்க்கவேண்டியவர் அங்கே இல்லை.

நம் நாட்டார்க்கு இது முற்றும் புதிதன்று. 1958 சனவரி முதலாம் நாள் இலங்கையின் பஸ் சேவை அரசுடைமையாயிற்று. 1979இல் தனியார் வண்டிகள் மீண்டும் வந்தன. மாணவர் ‘சீசன்’ எனப்படும் பருவச்சீட்டு அரச வண்டியிற் செல்லும். தனியார் வண்டியிற் செல்லாது. இங்கே சலுகையின் சுமையை ஏற்கப் பொதுப்பணம் உண்டு. அங்கே தனிமனிதனின் நாட்கூலியே உண்டு.

நிற்க. 2018 யூலை 29ஆம் நாள் டாக்காவிலே, பயணிகளை ஏற்றுவதற்குப் போட்டியிட்டு ஓடிய பஸ்களுள் ஒன்று வீதியோரம் நின்ற கல்லூரி மாணாக்கர் மீது ஏறியது, இருவர் இறந்தனர். அப்போட்டியும் முன்னர்க் கூறிய நாட்தொகையின் விளைவே. வீதியில் இறங்கிய பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது கோரிக்கைகளை முன்வைத்தனர். நாடெங்கும் அரைக்கட்டணம் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மாணாக்கர் கைகாட்டினால் வண்டியை நிறுத்தி ஏற்றவேண்டும் என்பது மற்றொன்று. பாதிக் கட்டணம் தருவோரைக் கண்டும் காணாது செல்லும் வழக்கத்தை இதைவிடத் தெளிவாகக் கூறும் ஆவணம் வேண்டியதில்லை.

2021 நவம்பர்த் தொடக்கத்தில் டீசல் விலை லீற்றருக்கு 65 டாக்காவிலிருந்து 80 டாக்காவாக உயர்ந்தது. வண்டி உரிமையாளர் மூன்று நாள் ஓட்டத்தை நிறுத்தினர். அரசு பஸ் கட்டணத்தை ஏறத்தாழ நூற்றுக்கு 27 வீதம் உயர்த்தியது. மாணாக்கர் மீண்டும் வீதியை மறித்தனர். உரிமையாளருட் பெரும்பாலோர் வறியவர் என்று அவர்தம் சங்கத்தார் கூறினர். அதனை நகைத்தவர் பலர். எனினும் இழப்பை யார் ஈடுசெய்வது என்ற அவர்தம் வினாவுக்கு அரசும் விடை கூறிற்றில்லை. தன் கூட்டுத்தாபன வண்டிகளில் மட்டும் திசம்பர் முதலாம் நாள் தொடக்கம் பாதிக் கட்டணம் என அறிவித்தது. நவம்பர் 30இல் உரிமையாளர் சங்கமும் இணங்கியது. அடையாள அட்டை காட்டல் வேண்டும், காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரையே செல்லும், விடுமுறை நாட்களிற் செல்லாது, டாக்கா மாநகரத்துக்குள் மட்டுமே செல்லும் என்பன அதன் நிபந்தனைகள். மாணாக்கர் இவற்றை ஏற்க மறுத்து, நாடு முழுமைக்கும் வேண்டும் என்றனர். திசம்பர் 11 முதல் சிட்டகாங் நகரும் சேர்க்கப்பட்டது. தூர இடங்களுக்குச் செல்லும் தனியார் பஸ்களைப் பற்றி 1969இல் எழுதப்பட்ட வாசகம் அவ்வறிவிப்புக்களில் இடம்பெறவில்லை.