மறைவில் நிகழ்ந்த மயிலை வரலாறு



விழா மலர் என்றால் அதில் வரலாறு இடம் பெற வேண்டும் என்பது மரபு. அடிக்கல் நாட்டிய ஆண்டு எது, ஆலயத்தை அர்ச்சித்த ஆயர் யார், மணிக்கூண்டு யாருடைய உபயம், பீடத்துச் சலவைக்கல் யாருடைய நன்கொடை என்பனவெல்லாம் முறைப்படி எழுதப்படுகின்றன. எழுதப்படவும் வேண்டும். நன்றி மறவாமை கிறிஸ்தவப் பண்பு அன்றோ?

ஆனால் எந்தப் பங்குக்கும் மற்றொரு வரலாறும் உண்டு. அதற்குக் கல்வெட்டு இல்லை. ஒருவரும் பார்க்காத வேளையில் ஒரு மனிதன் நேர்மையாக நடந்தானா, தவறினானா, தவறியபின் திரும்பி வந்தானா என்பதே அந்த வரலாறு. கண்ட சாட்சி இல்லாததால் அது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. எனினும் நாம் அன்றாடம் நடமாடும் மயிலையிலேயே, 1545ஆம் ஆண்டில் நிகழ்ந்த அப்படிப்பட்ட வரலாறு ஒன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதையே இம்மலருக்கு என் காணிக்கையாகத் தருகிறேன்.

நான்கு மாதத் தியானம்

அன்றைய மயிலையைச் சற்று மனக்கண் முன் கொண்டு வாருங்கள். சென்னப்பட்டணம் என்ற ஊர் அப்போது இல்லை. ஆங்கிலேயர் கோட்டை கட்ட வருவதற்கு இன்னும் 90 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. கடற்கரையோரம் போர்த்துக்கீசியரின் சிறு குடியிருப்பு. அதன் நடுவே திருத்தூதர் புனித தோமாவின் கல்லறை மீது எழுந்த எளிய ஆலயம். சற்றுத் தொலைவில் தோப்பும் புதரும் சூழ்ந்த இடத்தில் 1516 எனப் பொறித்த கல்லுடன் பிரகாச மாதா ஆலயம். இன்று லஸ் கோயில் என்கிறோம். நம் பெரியவர்கள் காட்டுக்கோயில் என்றே சொல்வர்.

இந்த மயிலைக்குத்தான் 1545ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே ஓயாது உழைத்தவர், அடுத்து எங்கே செல்வது என்று தெளிவு பெற விரும்பினார். நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பலை எதிர்க்காற்று தடுத்தது. ஆகவே கரை வழியே கால்நடையாக வந்து சேர்ந்தார். ஏறக்குறைய நான்கு மாதம் இங்கே தங்கினார். ஆலயத்தை அடுத்திருந்த பங்குக் குரு காஸ்பர் கொயெல்யோ அடிகளாரின் இல்லமே அவருக்கும் இல்லமாயிற்று.

பகலில் பாவசங்கீர்த்தனம் கேட்டார், போதித்தார், மக்களைச் சந்தித்தார். இவை ஊரறிந்தவை. இரவில் அவர் செய்ததை ஊர் அறியாது. வீட்டார் உறங்கிவிட்டார்கள் என்று தோன்றியதும், சந்தடியின்றி எழுந்து, இடையிலிருந்த தோட்டத்தைக் கடந்து, தேவ அன்னையின் பீடத்தின் முன்னும் திருத்தூதரின் கல்லறை அருகிலும் நெடுநேரம் செபித்தார். அவ்விரவுகளில் அலகையோடு அவருக்குப் பெரும் போராட்டம் நேர்ந்ததாகவும், அதனால் உடல் நொந்து இரண்டு நாள் படுத்திருந்தும் காரணத்தை வெளியே சொல்லவில்லை என்றும் அவரது வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். சாந்தோம் பேராலயத்தில் நாம் இன்று வணங்கும் மயிலை மாதாவின் திருச்சுரூபத்தின் முன்தான் அவர் அவ்வாறு செபித்தார் என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றி வரும் மரபு.

தாம் செபித்ததைப் பிறர் அறியக் கூடாது என்று அவர் அத்தனை கவனமாக இருந்தார். ஆண்டவர் மலைப்பொழிவில் கற்பித்தது இதுவே. அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டு செபிக்கிறவனை மறைவில் இருக்கும் தந்தை காண்கிறார்.

இரகசியமாய் வாங்கிய படகு

அதே மாதங்களில், அதே ஊரில், வேறொருவரும் மறைவில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் யோவான் தெ எய்ரோ. வயது 35. முன்பு போர்வீரராக இருந்து, பின்பு கப்பலும் சரக்குமாக வாணிபம் செய்தவர். சவேரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தார். நீண்ட நாள் மூடிக் கிடந்த உள்ளம். மூன்று நாள் எடுத்தது என்கிறார்கள். மனம் உருகிய எய்ரோ, தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, சவேரியாரோடு சேர்ந்து இறைப்பணி செய்வதாகத் தீர்மானித்தார். ஊரே வியந்திருக்கும்.

ஆனால் அன்பர்களே, பலர் அறியச் செய்த தீர்மானம் தனிமையில்தான் சோதனைக்கு உள்ளாகிறது. நாட்கள் சென்றன. பழைய ஆசை தலைதூக்கியது. எய்ரோ எவரிடமும் சொல்லாமல் ஒரு படகை வாங்கினார்; சரக்கேற்றினார்; எவரிடமும் விடைபெறாமல் புறப்பட ஆயத்தமானார். யாருக்கும் தெரியாது என்பது அவர் கணக்கு.

கரையை விட்டு நீங்கும் தறுவாயில் ஒரு சிறுவன் ஓடி வந்தான். “பிரான்சிஸ் சுவாமியார் உங்களை அழைக்கிறார்” என்றான். எய்ரோ நம்பவில்லை. அதே பெயருள்ள வேறொருவரைத் தேடி வந்திருப்பான் என்று தட்டிக் கழித்தார். சிறுவன் விடவில்லை. சென்றார். வேறு பேச்சின்றி, நீர் பாவம் செய்தீர் என்று சவேரியார் சொன்னதும் எய்ரோவின் நெஞ்சு உடைந்தது. உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். மீண்டும் பாவசங்கீர்த்தனம் செய்தார். படகை விற்று, வந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் சவேரியாரோடு மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

இங்கே நம் உள்ளத்தைத் தொட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. சவேரியார் தம் தோழர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் எய்ரோவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். கப்பலையும் சரக்கையும் விட்டுவிட்டு, இதுவரை தாம் வாணிபம் செய்யாத வேறு சரக்கை அவர் நாடி வந்ததாக மகிழ்ந்து எழுதி, அவருக்காகச் செபிக்கவும் கேட்கிறார். இரகசியப் படகைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தம் செபத்தை மறைத்தது போலவே சகோதரனின் குறையையும் அவர் மறைத்தார். பிறர் குறை கையில் கிடைத்தால் நாம் என்ன செய்கிறோம் என்பதை, வாசலில் நின்று பேசும் நம் பேச்சுகளை நினைத்துப் பார்த்தால் தெரியும்.

மீண்டும் ஒரு வீழ்ச்சி

கதை இத்துடன் முடிந்திருந்தால் எய்ரோவை நமக்கு எட்டாத பேறு பெற்றவராக எண்ணி விட்டுவிடுவோம். முடியவில்லை. மலாக்காவில் சில செல்வர், சவேரியாரின் செலவுக்கென்று கொடுத்த பணத்தை அவருக்குத் தெரியாமல் எய்ரோ வாங்கி வைத்துக்கொண்டார். நல்ல நோக்கம்தானே என்று நமக்குத் தோன்றலாம். வறுமையை விரும்பி ஏற்றவருக்கு அது பழைய பையை மீண்டும் தைப்பது போன்றது. சவேரியார் கண்டித்தார், செபத்திலும் நோன்பிலும் மனந்திருந்தும்படி துறைமுகத்துக்கு அருகிலிருந்த ஒரு சிறு தீவுக்கு அவரை அனுப்பினார். எய்ரோ இயேசு சபையில் சேரவில்லை. ஆயினும் பிற்காலத்தில் புனித பிரான்சிஸ் அசிசியாரின் சபையில் துறவியானார் என்று அறிகிறோம்.

ஆகவே மறைவில் நேர்மையாக இருப்பது ஒரு நாள் தீர்மானத்தால் வந்துவிடும் வரம் அல்ல. அழுது புரண்ட மனிதரும் மறுபடி பணத்தை மறைத்தார். மறைத்தவரையும் ஆண்டவர் கைவிடவில்லை.

காவலாளியின் கண்ணும் தந்தையின் கண்ணும்

இனி நம் காரியத்துக்கு வருவோம். இன்று தியாகராய நகரின் கடைகளில் காமிராவுக்குத் தப்பிய மூலை அரிது. ‘நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்’ என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடி வாசலிலும், பள்ளிக்கூட வகுப்பிலும், ஏன், ஆலய உண்டியலுக்கு மேலும் காமிரா வந்துவிட்டது. அதைக் குறை சொல்லவில்லை, அவசியம் இருக்கிறது. ஆனால் காமிரா கள்வனை அஞ்ச வைக்குமே தவிர, அவனை நேர்மையானவனாக ஆக்காது. மின்சாரம் நின்றதும் அந்த அச்சமும் நின்றுவிடும்.

கடவுளையும் சிலர் இப்படியே எண்ணுகிறார்கள்: மேலே ஒரு பெரிய காமிரா, நம் தவறுகளைப் பதிவு செய்துகொண்டிருக்கிறது என்று. பிள்ளைகளிடம் ‘சாமி பார்க்கிறார், கண்ணைக் குத்தும்’ என்று சொல்லி வளர்க்கிறோம். எய்ரோவின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. அவர் ஒளிந்த இடத்துக்குக் காவலாளி வரவில்லை; ஒரு சிறுவன் வந்தான். விலங்கு கொண்டு வரவில்லை. அவருடைய பெயரைச் சொல்லி அழைத்தான். வேறு யாரையோ அழைக்கிறான் என்று நினைத்ததுதான் அவருடைய கடைசிச் சாக்கு. மறைவில் காணும் கண் தந்தையின் கண். நம்மைப் பிடித்துக் கொடுக்க அன்று, திருப்பி அழைக்கவே அது பார்க்கிறது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், மனச்சான்றை மனிதனின் உள்ளத்து மூலக்கருவறை என்ற பொருள்படப் பேசுகிறது. அங்கே அவன் கடவுளோடு தனித்திருக்கிறான். அந்தக் கருவறைக்குள் பங்குத்தந்தையும் நுழைய முடியாது. மனைவியும் மக்களும் நுழைய முடியாது. அங்கே விளக்கு எரிகிறதா என்பதே கேள்வி.

அந்த விளக்கு எரிகிறதா என்று அறிய எளிய வழிகள் உண்டு. அலுவலகத்தில் மேலதிகாரி விடுப்பில் இருக்கும் நாளில் நம் வேலை எப்படி நடக்கிறது? வீட்டில் வேலை செய்யும் பெண்மணிக்கு, கேட்க ஆளில்லை என்பதற்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்கிறோமா? வாடிக்கையாளர் தவறுதலாகக் கூடக் கொடுத்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கிறோமா? அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் எதைப் பார்க்கிறோம்? பெரிய பாவங்களின் பட்டியலை விட இந்தச் சிறு கேள்விகள்தாம் நம்மை நமக்குக் காட்டும். புனித இஞ்ஞாசியார் தம் தோழர்களுக்குக் கற்பித்த ஆன்ம சோதனை இதுவே. இரவில் படுக்குமுன் பத்து நிமிடம், விளக்கை அணைத்தபின், ஆண்டவரோடு அன்றைய நாளை ஒருமுறை நடந்து பாருங்கள்.

நம் ஆலயத்திலும் இதற்கு நல்ல பயிற்சி உண்டு. வின்சென்ட் தே பவுல் சபையின் கூட்டங்களில் இரகசியக் காணிக்கை எடுப்பதை உறுப்பினர்கள் அறிவார்கள். பை கைமாறிச் செல்லும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. 1833இல் பாரிசு நகரில் பிரடெரிக் ஓசானாமும் அவர் நண்பர்களும் தொடங்கிய அச்சபை, ஏழையின் மானம் காக்கவும் கொடுப்பவனின் உள்ளம் காக்கவும் இந்த வழக்கத்தைப் பேணி வருகிறது.

குழல்விளக்கு ஒன்றை உபயமாகக் கொடுத்து, வெளிச்சம் மறையும் அளவுக்குப் பெயர் எழுதுவது நம் நாட்டு வழக்கம் என்று கேலி செய்வார்கள். பெயர் எழுதுவது குற்றமில்லை. இம்மலரிலும் நன்கொடையாளர் பெயர்களை நன்றியோடு வெளியிடுகிறோம். ஆனால் பெயர் வராது என்று தெரிந்தும் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். திருவிழா முடிந்த இரவில் நாற்காலி அடுக்கியவர்கள், படுக்கையில் கிடக்கும் நோயாளியைக் குளிப்பாட்டிவிட்டு வருகிறவர்கள், பீடத்துணியைத் துவைத்து வைப்பவர்கள் இப்பங்கில் உண்டு. அவர்கள் பெயரைக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாம் கொண்டாடும் இந்த ஜூபிலியில் பாதி அவர்களுடையது.

நெஞ்சில் தொங்கிய சிறு பேழை

மயிலையை விட்டுச் சென்ற சவேரியார் மீண்டும் ஐரோப்பாவைக் காணவில்லை. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், சீனக் கரைக்கு எதிரே சான்சியான் தீவில் ஓர் ஓலைக் குடிசையில் உயிர் நீத்தார். ஆயிரமாயிரம் பேருக்குத் திருமுழுக்களித்தவரின் கடைசி மணி நேரத்தில் அருகில் இருந்தவர்கள், சீனரான அந்தோனி என்ற இளைஞரையும் சேர்த்து, விரல் விட்டு எண்ணக் கூடியவர்களே. 1622இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தபோது உரோமையில் பெருங்கூட்டம் கூடியது. அவர் இறந்தபோது கூட்டமில்லை.

அவருடைய அங்கியினடியில், நெஞ்சின் மேல், ஒரு சிறு பேழை தொங்கியது. அதனுள் இருந்தவை மூன்று: புனித தோமாவின் திருப்பண்டம், இஞ்ஞாசியாரின் கையெழுத்து, தாம் ஆண்டவருக்குக் கொடுத்த வார்த்தைப்பாட்டின் பிரதி. மயிலையில் தனிமையில் செபித்த இரவுகளின் நினைவை, ஒருவருக்கும் காட்டாமல், உலகின் மறுகோடி வரை அவர் சுமந்து சென்றார்.

பிரியமானவர்களே, விழா முடிந்ததும் தோரணங்களை அவிழ்த்துவிடுவோம். அதன்பின் வரும் சாதாரண நாட்களில், பார்ப்பாரற்ற வேளையில், நம் நெஞ்சில் நாம் எதைச் சுமக்கிறோம் என்பதை ஆண்டவர் அறிவார். தவறிப் படகேறியவர் எவரேனும் நம்மில் இருந்தால், ஓடிவரும் சிறுவனின் குரலுக்குச் செவி கொடுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே சொன்னது அங்கேயே நிற்கும்.

மயிலை மாதாவும் புனித தோமாவும் புனித சவேரியாரும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக. இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் பங்குத்தந்தை