கரையில் நின்ற முதியவர்

பறங்கியர் என்று நம் முன்னோர் அழைத்த போர்த்துக்கீசியரைப் பீரங்கியோடும் சிலுவையோடும் சேர்த்தே நினைக்கப் பழகிவிட்டோம். அதில் பிழையில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசை வீழ்த்தியவர்களும், பின்னர் நல்லூர்க் கோயிலை இடித்தவர்களும் அவர்களே. ஆயினும் ஓர் இனத்தை அதன் படைத்தலைவரைக் கொண்டு மட்டும் அறிந்துவிட இயலாது. அதன் கவிஞரைக் கொண்டும் அறிதல் வேண்டும். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என அவர்தம் சொற்களை வீட்டினுள் வைத்துக்கொண்ட நாம், அவர்தம் காவியத்தைத் திறந்து பார்த்தது அரிது.

அக்காவியம் லூயிஷ் த கமோயின்ஸ் இயற்றிய 'லூசியாதாஸ்'. 1572இல் லிஸ்பனில் அச்சேறியது. பத்துக் காண்டங்கள், எட்டடிச் செய்யுள்கள் 1102. வாஸ்கோ ட காமாவின் இந்தியப் பயணமே கதை. முதற் செய்யுளிலேயே இலங்கை 'தப்ரோபனா' என்னும் பழம்பெயரோடு வருகிறது. பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூரும் புனித தோமையாரின் வரலாறும் விரிகின்றன.

பாடியவர் அரண்மனையில் வளம் பெற்று வாழ்ந்தவர் அல்லர். வட ஆப்பிரிக்காவில் போர்வீரராக இருந்தபோது ஒரு கண்ணை இழந்தார். லிஸ்பன் தெருச் சண்டையொன்றில் அரண்மனை அலுவலர் ஒருவரைக் காயப்படுத்திச் சிறை சென்றார். மன்னிப்புப் பெற்று 1553இல் கோவாவுக்குக் கப்பலேறினார். மேகாங் ஆற்று முகத்தருகே கப்பல் உடைந்தபோது கையெழுத்துப் படியைக் காத்துக் கரை சேர்ந்தார் என்பது மரபு. ஊர் திரும்பும் வழியில், மொசாம்பிக்கில் உணவுக்கும் நண்பரை நம்பியிருந்த நிலையில் அவரைக் கண்டதாக வரலாற்றாசிரியர் தியோகு து கோத்து எழுதுகிறார். 1570இல்தான் அவர் மீண்டும் லிஸ்பனை அடைந்தார்.

கவிஞர்களாகிய நாம் நின்று நோக்க வேண்டிய இடம் நான்காம் காண்டத்தின் இறுதி. 1497 ஜூலை 8. லிஸ்பனை அடுத்த ரெஸ்டெலோ கரையில் கப்பல்கள் புறப்படுகின்றன. தாயரும் மனைவியரும் அழுகின்றனர். கூட்டத்தினின்றும் ஒரு முதியவர் மும்முறை தலையசைத்துப் பேசத் தொடங்குகிறார். புகழ் என்று நீங்கள் சொல்வது வீண் ஆசையே என்கிறார். உலர்ந்த மரத்தில் முதன்முதல் பாய் கட்டியவனைச் சபிக்கிறார். அவருக்கு எவரும் விடை கூறுவதில்லை. கப்பல்கள் சென்றுவிடுகின்றன.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. இக்காட்சியைச் சொல்பவர் கவிஞர் அல்லர். மலிந்தி அரசனிடம் தன் நாட்டு வரலாற்றை எடுத்துரைக்கும் காமாவே சொல்கிறார். தன்னைப் பழித்த குரலைக் காவியத் தலைவனே கடல் கடந்து சுமந்து செல்கிறான்! காமாவோடு சென்றவருள் பாதிக்கு மேற்பட்டோர் மீளவில்லை என்ற உண்மையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எனினும் முதியவரை அறத்தின் திருவுருவாக்கிவிடுதல் தகாது. கோழிக்கோட்டு மக்களுக்காக அவர் ஒரு துளிக் கண்ணீரும் வடிக்கவில்லை. வாயிலிலேயே இஸ்லாமியப் பகைவன் இருக்க, தொலைவில் ஏன் பகை தேடி நாட்டை ஆளற்றதாக்குகிறீர்கள் என்பதே அவர் வினா. கமோயின்ஸும் அதே கருத்தினர். இளம் மன்னர் செபஸ்தியானை ஆப்பிரிக்கப் போருக்குத் தூண்டியே காவியத்தை முடிக்கிறார். மன்னரும் சென்றார். 1578 ஆகஸ்ட் 4 அன்று மொராக்கோவின் அல்காசர் கிபீர் களத்தில், 24 வயதில், வாரிசின்றி மடிந்தார். 1580இல் நாடு எசுப்பானிய முடியின்கீழ்ப் போய், 1640 வரை அறுபது ஆண்டுகள் அவ்வாறே இருந்தது. அதே 1578இல்தான் என்றீக்கே என்றீக்கசின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் கொல்லத்தில் அச்சாயிற்று. ஓர் அரசு சரிந்த ஆண்டு நம் மொழிக்கு வேறோர் ஆண்டாக அமைந்தது.

கவிஞர் மறைந்த ஜூன் 10ஆம் நாளைப் பின்வந்தோர் நாட்டு விழாவாக்கினர். சலசாரின் ஆட்சி அதனை 'இனத்தின் நாள்' என்றது. கமோயின்ஸ் பேரரசின் கட்டியக்காரராக்கப்பட்டார். அவ்வாட்சியே 1961 முதல் அங்கோலாவுக்கும் கினிக்கும் மொசாம்பிக்குக்கும் இளைஞரைக் கப்பலேற்றியது. தேஜு ஆற்றின் அதே கரையில் தாயரும் மனைவியரும் மீண்டும் நின்று அழுதனர். காவியத்தை விழா மேடையில் போற்றியோர் நான்காம் காண்டத்தைச் சரியாகப் படிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. 1974 ஏப்ரல் 25 அன்று அந்த ஆட்சியைக் கவிழ்த்தவர்கள், அப்போர்களில் சலித்துப்போன படை அலுவலர்களே. 1978 முதல் அந்நாள் போர்ச்சுகலுக்கும் கமோயின்ஸுக்கும் உலகெங்கும் வாழும் போர்த்துக்கீசிய மக்களுக்கும் உரிய நாளாகப் பெயர் மாறியது.

காவியத்திற்காக மன்னர் செபஸ்தியான் அளித்த உதவித்தொகை ஆண்டுக்கு 15,000 ரெயிஸ். பெருந்தொகை அன்று, அதுவும் ஒழுங்காக வந்ததில்லை. கவிஞர் இறந்தபின் அதில் ஒரு பகுதி அவருடைய முதிய தாயாருக்கு வழங்கப்பட்டது. வழங்கியவர் எசுப்பானிய மன்னர் பிலிப்.