கங்காநகரமும் மெய்ப்பிக்கும் கடமையும்

"இராசேந்திர சோழன் வென்ற கங்காநகரம் நம் பேராக்கில்தான் இருந்தது" என்னும் கூற்றைச் செமோர், ஈப்போ வட்டாரத் தமிழரிடையே பலமுறை கேட்டிருக்கிறோம். சான்று வினவினால், "இல்லை என்று நீங்கள் மெய்ப்பியுங்கள்" என்பதே விடையாகிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தின் 101ஆம் பிரிவு, ஒன்றை உண்டென வலியுறுத்துவோரே அதனை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. வழக்குமன்றத்துக்குரிய இந்நெறி வரலாற்றுக்கும் பொருந்தும்.

1025ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த கடற்படையெடுப்பைத் தஞ்சைக் கல்வெட்டு விரித்துரைக்கிறது. சீவிசயம் முதல் கடாரம் வரை அது கூறும் 13 இடங்களுள் கங்காநகரம் இல்லை. அப்பெயர் வருவது, 1612-இல் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் செஜாரா மெலாயுவில். அங்கே அதனை வென்றவன் ராஜா சூரான். 'சூரான்' என்பது 'சோழன்' என்பதன் திரிபாக இருக்கலாம்; ஆயின் ஏறத்தாழ 600 ஆண்டு இடைவெளியை ஒலியொப்புமை மட்டும் நிரப்பிவிடாது. பீடோர் ஈயச் சுரங்கத்தில் 1936-இல் கிடைத்த அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை, பௌத்தம் இம்மண்ணில் வேரூன்றியதைக் காட்டுகிறது. சோழர் படையெடுப்பைக் காட்டவில்லை.

கடாரம் கெடாவே என்னும் முடிவோ வேறு வகையினது. ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதி கடாகம் என்றும், தமிழ்ப்பகுதி கிடாரம் என்றும் ஒரே நாட்டைச் சுட்டுகின்றன. பூசாங் பள்ளத்தாக்கின் அகழாய்வுகளும் அதற்கு இசைகின்றன. அங்கே பழங்குடியிருப்பின் தடயமே கிட்டாதிருப்பின் அம்முடிவு தளர்ந்திருக்கும். தளரக்கூடிய வாய்ப்புக்குத் தன்னை உட்படுத்தியும் நிலைத்தமையே அதன் வலிமை. கார்ல் பாப்பர் 1934-இல் வற்புறுத்திய பொய்ப்பிக்கத்தகு தன்மை இதுவே. கங்காநகரக் கூற்றோ எதனாலும் வீழாதபடி காக்கப்படுகிறது. கல்வெட்டில் பெயர் இல்லையெனில், வேறு பெயரால் குறித்தனர் என்பர். இடிபாடு இல்லையெனில், காடு மூடிற்று என்பர். இவ்வாராய்ச்சி நமக்கு அயலதன்று. பிழைபட்ட ஏதுக்களை மணிமேகலையின் 29ஆம் காதை வகைப்படுத்தியுள்ளது.

வந்தேறிகள் எனப்படுவோர் ஆயிரம் ஆண்டு வேரைத் தேடுவது இயல்பே. ஆனால் மெய்ப்பிக்க இயலாத கூற்றை முன்வைப்பின், மெய்ப்பிக்கத்தக்க வரலாறும் ஐயத்துக்கு உள்ளாகும். ரப்பர்த் தோட்டங்களின் சம்பளப் புத்தகங்களும் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளும் கோயில் கணக்கேடுகளும் நம் உழைப்புக்கு நேர்ச்சான்றுகள். தோட்டத் துண்டாடலாலும் கறையானாலும் அவை அழிந்துவருகின்றன. கங்காநகரத்தை மெய்ப்பிக்கும் கடமை அதனைக் கூறுவோருடையது. இவ்வேடுகளைக் காக்கும் கடமையோ நம் அனைவருடையது.