அணைத் தண்ணீரும் ஒரு முனைவர் பட்டமும்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் என் நினைவுக்கு வந்தது இறுதியாண்டு 'ஓ.ஆர்.' வகுப்புதான். சிம்ப்ளெக்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்து மார்க் வாங்கினோம். "இதெல்லாம் யாருக்குடா உதவப் போகுது?" என்று கடைசி பெஞ்சில் கேட்டவர்களில் நானும் ஒருவன். விடை கிடைக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆபரேஷன்ஸ் ரிசர்ச் வகுப்பறையில் பிறந்த பாடம் அல்ல. இரண்டாம் உலகப் போரில் வளர்ந்தது. எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல்களை எப்படித் தேடுவது என்று கணக்குப் போட 1942-இல் அமெரிக்கக் கடற்படைக்காக ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் எம்.ஐ.டி.யின் இயற்பியல் பேராசிரியர் பிலிப் மோர்ஸ். போர் முடிந்ததும் அதே முறையை அவர் எம்.ஐ.டி.க்குக் கொண்டு வந்தார்.

அவரிடம் வந்து சேர்ந்தவர் ஜான் லிட்டில் என்ற இயற்பியல் மாணவர். அவர் எடுத்துக்கொண்ட கேள்வி மிகச் சாதாரணமானது. நீர்மின் நிலைய அணையில் தண்ணீர் இருக்கிறது. இன்றே திறந்து மின்சாரம் எடுப்பதா, நாளைக்குச் சேர்த்து வைப்பதா? நாளை ஆற்றில் எவ்வளவு நீர் வருமென்று யாருக்கும் தெரியாது. இதைக் கணிதமாக்கி, அக்காலத்து 'வேர்ல்விண்ட்' கணினியில் போட்டுப் பார்த்தார். 1955-இல் அவர் பெற்ற பட்டம்தான் இத்துறையின் முதல் முனைவர் பட்டம் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

பிறகு கிளீவ்லாந்தில் கேஸ் கல்லூரியில் பாடம் நடத்தும்போது, வரிசை பற்றிய ஒரு சூத்திரத்தைப் பொதுவாக நிரூபிக்க முடியுமா என்று ஒரு மாணவர் கேட்டார். "பெரிய கஷ்டம் இருக்காது" என்று லிட்டில் சொல்ல, "அப்படியானால் நீங்களே செய்யுங்களேன்" என்று பதில் வந்ததாம்! 1961-இல் நிரூபணம் வெளியாயிற்று. உள்ளே இருக்கும் எண்ணிக்கை என்பது, வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கிய தொகை. அவ்வளவுதான். 'லிட்டில் விதி' என்று பெயர்.

இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலை பார்த்த பட்டறையில் அரைகுறையாக 600 உருப்படிகள் கிடந்தன. தினம் 50 வெளியே போகும். அப்படியென்றால் ஓர் உருப்படிக்கு 12 நாள். நாங்களோ வாடிக்கையாளரிடம் 5 நாள் என்று சொல்லிவிட்டு, தாமதத்துக்கு மெஷின் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தோம். நானும் திட்டியிருக்கிறேன். புது மெஷின் எதுவும் வாங்கவில்லை. உள்ளே விடும் வேலையை 250-க்குக் குறைத்தோம். 5 நாளில் சரக்கு போயிற்று. மறுநாள் அந்த ஆட்களின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த ஆண்டு பகுதி நேர முனைவர் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். "இந்த வயசுல எதுக்குப்பா படிப்பு?" என்கிறார் அம்மா. கேள்வி இப்போதுதானே கிடைத்தது, அம்மா!

தம்பி தங்கைகளே, ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடி நூலகத்துக்குள் போகும் முன், ஒரு நாள் பட்டறையிலோ பஸ் டெப்போவிலோ நின்று பாருங்கள். யார், எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தலைப்பு தானே வந்து சேரும்.

வாழ்க நம் கல்லூரி!