உலர்காற்றுக் காலத்தில் கணினியைத் திறக்குமுன்

வீடு திரும்பாத ஒருவரின் படம், காணிப் பத்திரத்தின் பிரதி, முறைப்பாட்டுக் கடிதம். நம் குடும்பங்கள் பலவற்றில் இவை இன்று ஒரு பழைய கைத்தொலைபேசியிலோ கணினியிலோதான் மிஞ்சியிருக்கின்றன. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தபோது லயன் வீடுகள் உள்ளிருந்த அனைத்தோடும் புதைந்தன. அப்படி இழந்தவர்களுக்கு உறவினரின் தொலைபேசியில் தப்பிய ஒரு படம் வெறும் படமல்ல.

அந்தக் கருவியைத் துப்புரவு செய்யப்போய்ப் பழுதாக்கிவிடக் கூடாது. அதற்கு நிலைமின்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

தேயிலையும் நிலைமின்னும்

நிலைமின் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. தொழிற்சாலையில் உலர்ந்த தேயிலையிலிருந்து நாரையும் காம்பையும் பிரிக்கும் இயந்திரம் அதைக் கொண்டே இயங்குகிறது. பிவிசி உருளைகள் துணியில் உரசி மின்னேற்றம் பெறுகின்றன. நார் அவற்றில் ஒட்டிக்கொண்டு மேலே போகிறது.

ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை இந்த மின்னேற்றம் இலகுவில் உருவாகும். தென்மேல் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, பதுளை, பண்டாரவளைப் பக்கம் வறண்டு இறங்குகிறது. கிழக்கில் கச்சான் என்பதும் இதையே. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தருவதும் இதே வறட்சிதான். ஈரக்காற்றில் மெல்லக் கசிந்துவிடும் மின்னேற்றம், உலர்காற்றில் நம் உடலிலேயே தங்கிவிடுகிறது.

விரலில் 'சுரீர்' என்று உணர ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும். சில நுண்சில்லுகள் பழுதாக 100 வோல்ட்டுக்கும் குறைவே போதும். ஆகவே எதையும் உணராமலே சேதம் செய்துவிடலாம். அடிபட்ட சில்லு அன்று வேலை செய்து, பல வாரங்களுக்குப் பின் செயலிழக்கவும் கூடும்.

செய்ய வேண்டியவை

மூடிய தொலைபேசியை வெளியே துடைப்பதில் பெரிய ஆபத்தில்லை. உள்பாகங்களைத் திறக்கும்போதுதான் கவனம் வேண்டும்.

• மின்னிணைப்பைக் கழற்றுங்கள். கழற்றக்கூடிய பற்றரியாயின் அதையும் எடுங்கள்.

• கம்பளிச் சுவெட்டர், பொலியெஸ்டர் உடை வேண்டாம். பருத்தி நல்லது. கம்பளி விரிப்பிலோ ரெஜிபோம் மீதோ வைத்துத் திறக்காதீர்கள். வெறும் மரமேசை போதும்.

• கணினியின் வர்ணம் பூசாத உலோகச் சட்டத்தை முதலில் தொடுங்கள். வேலையின் இடையிலும் அடிக்கடி தொடுங்கள்.

• வீட்டுத் தூசியுறிஞ்சியை உள்ளே விடாதீர்கள். அதன் பிளாஸ்டிக் முனையிலேயே மின்னேற்றம் உருவாகும்.

• பலகைகளை ஓரத்தில் பிடியுங்கள். கழற்றிய பாகத்தை நிலைமின் தடுப்புப் பையின் உள்ளே வையுங்கள், மேலே அல்ல.

• மணிக்கட்டுப் பட்டி வாங்கினால் 1 மெகா ஓம் தடை உள்ளதையே வாங்குங்கள். 230 வோல்ட் தவறுதலாகப் பட்டாலும் அது மின்னோட்டத்தை 0.23 மில்லி அம்பியருக்குள் அடக்கும். வெறும் கம்பியைக் கையில் கட்டிப் பிளக்கில் செருகுவது உயிராபத்து. பழைய லயன்களில் புவித்தொடுப்பு சரியாக இருக்குமென்று நம்பவும் முடியாது.

ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மழைமாதங்களில் நிலைமின்னை விட ஈரமும் துருவுமே பெரிய எதிரிகள். நனைந்த கருவியை இயக்கிப் பார்க்காதீர்கள், மின்னேற்றவும் வேண்டாம்.

எந்தக் காலமானாலும் கருவி இயங்கும்போதே படங்களையும் பத்திரங்களையும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் கொடுங்கள். திருகாணியைக் கையில் எடுப்பது அதற்குப் பிறகு.