லைம் ரீஜிஸ்: கல்லும் பெயரும்

ஊரைவிட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் சிலருடைய பூஜைப் பெட்டியில் சாளக்கிராமம் ஒன்று இருக்கும். கண்டகி நதியிலிருந்து வந்த கரிய கல் அது. அதன் உள்ளே சக்கரம் போன்றதொரு சுருள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மறைந்த அம்மோனைட் என்னும் உயிரினத்தின் ஓடு பதிந்த சுவடே அச்சுருள் என்று நிலவியல் அறிஞர் கூறுவர். நாம் வழிபடும் இக்கல்லுக்கு உறவான கற்களை, இங்கிலாந்தின் தென்கடற்கரைச் சிற்றூர் ஒன்றில், ஏழைத் தச்சர் ஒருவருடைய மகள் வீட்டு வாசலில் பரப்பி வைத்து விற்றாள். அவ்வூரின் பெயர் லைம் ரீஜிஸ். அவள் பெயர் மேரி ஆனிங். ஊரின் வரலாற்றையும் அவள் வரலாற்றையும் பிரித்துச் சொல்ல இயலாது.

டார்செட் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், ஆங்கிலக் கால்வாயை நோக்கிச் சரியும் மலைச்சரிவில் அமைந்தது லைம் ரீஜிஸ். லிம் என்னும் சிற்றாறு ஊருக்குப் பெயர் தந்தது. 774-ஆம் ஆண்டிலேயே இங்கு உப்புக் காய்ச்சுவதற்கென ஒரு மடத்துக்கு நிலம் வழங்கப்பட்டது. 1284-இல் மன்னர் முதலாம் எட்வர்டு ஊருக்கு உரிமைச் சாசனம் அளித்தார். அதுமுதல் 'அரசனுக்குரிய' என்று பொருள்படும் 'ரீஜிஸ்' என்ற லத்தீன் சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெயரில் அரசு இருந்ததேயன்றி ஊர் பெரிதாக வளர்ந்துவிடவில்லை. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் மக்கள் தொகை நாலாயிரத்தை எட்டவில்லை.

இயற்கை இவ்வூருக்குத் துறைமுகம் தரவில்லை. மக்கள் தாமே அதை அமைத்துக் கொண்டார்கள். கடலுக்குள் வளைந்து செல்லும் 'காப்' என்ற அலைதடுப்புச் சுவரைப் பற்றிய குறிப்புகள் 14-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே உள்ளன. கருவாலி மரத்தூண்களை வரிசையாக நட்டு, அவற்றினிடையே பெரும் பாறைகளைக் குவித்து அதைக் கட்டினார்கள். புயல் அதைப் பலமுறை சிதைத்தது. ஊரார் பலமுறை செப்பனிட்டார்கள். 1824-ஆம் ஆண்டுப் பெரும்புயல் விளைத்த சேதத்துக்குப் பின் அது கல்லால் திருத்திக் கட்டப்பட்டது.

சிற்றூராயினும் நாட்டின் பெரும் பூசல்களிலிருந்து அது தப்பவில்லை. முதலாம் சார்லஸ் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபோது லைம் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றது. 1644-இல் அரச சேனை மாரிஸ் இளவரசரின் தலைமையில் ஏறக்குறைய எட்டு வாரம் முற்றுகையிட்டும் ஊர் பணியவில்லை. கடல்வழி திறந்திருந்ததே அதற்கு உயிரளித்தது. 1685 ஜூன் மாதத்தில் இரண்டாம் ஜேம்ஸின் முடியைப் பறிக்க வந்த மான்மத் கோமகன் இறங்கியதும் இக்கரையில்தான். செட்ஜ்மூர்ப் போரில் அவர் தோற்று, அடுத்த மாதமே தலையிழந்தார். அவருக்குத் துணைநின்ற குற்றத்துக்காகப் பன்னிருவர், அவர் இறங்கிய அதே கடற்கரையில் தூக்கிலிடப்பட்டனர். கோமகனின் பெயரை வரலாற்று நூல்கள் அனைத்தும் சொல்லும். அப்பன்னிருவரின் பெயர்களைத் தேடித்தான் காணவேண்டும்.

18-ஆம் நூற்றாண்டில் கப்பல்கள் பெருத்தன; சிறிய துறைமுகம் அவற்றுக்குப் போதவில்லை; வாணிகம் குன்றியது. அக்காலத்தில் கடல்நீராடுதல் உடலுக்கு நலம் தரும் என்ற எண்ணம் செல்வரிடையே பரவியது. அவர்கள் வண்டி பூட்டிக் கடற்கரை ஊர்களுக்கு வரலாயினர். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1804-இல் இங்கு வந்து தங்கினார். அவர் மறைந்தபின் 1817-இன் இறுதியில் வெளிவந்த 'பர்சுவேஷன்' நாவலில், லூயிசா என்ற பெண் காப்பின் படிகளிலிருந்து குதித்து விழும் காட்சி கதையின் திருப்பமாக அமைந்தது.

வந்த விருந்தினருக்கு ஏழைகள் விற்கக்கூடிய பொருள் ஒன்று இவ்வூரில் தாராளமாகக் கிடைத்தது. ஊரின் இருபுறமும் உள்ள செங்குத்தான பாறைகள் சுண்ணாம்புக்கல்லும் களிப்பாறையும் மாறி மாறி அடுக்கிய அடுக்குகள். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை கடலடிச் சேறாக இருந்தவை. மாரிக்காலத்து மழை ஊறி அப்பாறைகள் சரியும். அலை வந்து மண்ணைக் கரைத்துச் செல்லும். உள்ளே கிடந்த புதைபடிவங்கள் வெளிப்படும். காலந்தாழ்த்தினால் அவற்றையும் கடலே கொண்டுபோகும். ஆகவே புயலடித்த மறுநாள், அடுத்த சரிவு எப்போது விழுமோ என்ற அச்சத்தோடு, பாறையடியில் நின்று தேடுவதே அத்தொழில்.

இத்தொழிலில் மகளைப் பழக்கியவர் ரிச்சர்டு ஆனிங் என்னும் தச்சர். மேரி பிறந்தது 1799-இல். ஓராண்டுக் குழந்தையாக இருக்கையில் இடி விழுந்து, அவளை ஏந்தியிருந்த பெண்ணும் உடனிருந்த இருவரும் மாண்டனர், குழந்தை பிழைத்தது. 1810-இல் தந்தை கடனை வைத்துவிட்டு இறந்தார். குடும்பம் ஊர்த் தருமப் பணத்தை நம்பி வாழ நேர்ந்தது. அடுத்த ஆண்டு அண்ணன் ஜோசப், பாறையில் நீண்ட மண்டையோடு ஒன்றைக் கண்டான். 1812-இல் மேரி அதன் உடலைக் கண்டுபிடித்தாள். மீனும் பல்லியும் கலந்தாற்போன்ற அப்பெருவிலங்குக்கு அறிஞர் பின்னர் இக்தியோசாரஸ் என்று பெயரிட்டனர். 23 பவுனுக்கு அது விலைபோயிற்று. 1814-இல் அதைப்பற்றி எவரார்டு ஹோம் என்ற மருத்துவ அறிஞர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். கட்டுரையில் மேரியின் பெயர் இல்லை.

1823-இல் நீண்ட கழுத்துடைய பிளீசியோசாரஸின் முழு எலும்புக்கூட்டை மேரி கண்டெடுத்தார். பாரிஸின் பேரறிஞர் குவியே முதலில் அது போலியாக இருக்குமோ என்று ஐயுற்றார். பிறகு தம் பிழையை ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு லண்டன் நிலவியல் சங்கத்தில் அதைப் பற்றிச் சொற்பொழிவு நடந்தது. அங்கும் மேரியின் பெயர் இல்லை. பெண்களை அச்சங்கம் உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது 1919-இல்தான். 1828-இல் பறக்கும் பல்லியினத்தின் எலும்புகளும் அவர் கைக்குக் கிட்டின. ஜெர்மனிக்கு வெளியே அவ்வினம் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை. விலை கொடுத்து வாங்க இயலாத ஆராய்ச்சிக் கட்டுரைகளை, படங்கள் உட்பட, அவர் தம் கையாலேயே படியெடுத்து வைத்துக்கொண்டு கற்றார். அவர் வாழ்நாளில் அச்சேறிய அவருடைய அறிவியல் எழுத்து, 1839-இல் ஒரு சஞ்சிகை வெளியிட்ட கடிதப் பகுதி ஒன்றுதான். அதுவும் மற்றவர் செய்த தவற்றைச் சுட்டிக் காட்டுவது.

பிறர் எழுதியதைப் பெயர்த்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டவன் நான். அறிக்கை வெளிவரும்போது பெயர்த்தவன் பெயர் அதில் இராது, அது முறையே. ஏனெனில் அவ்வறிக்கையின் கருத்து என்னுடையதன்று. மேரி அம்மையாரின் நிலை வேறு. கல்லைக் கண்டவர் அவர்; களிமண் நீக்கி எலும்பை எலும்போடு பொருத்தியவர் அவர்; இன்னது எவ்விலங்கின் உறுப்பு என்று உணர்ந்தவரும் அவரே. 1833-இல் ஒரு பாறைச் சரிவு அவர் கண்ணெதிரே அவருடைய நாயைக் கொன்றது. அவர் மயிரிழையில் தப்பினார். உழைப்பும் அறிவும் ஆபத்தும் ஒருவருடையதாக இருக்க, பெயர் மட்டும் மற்றவருக்குச் சென்றது.

அவர் இதை அறியாதவர் அல்லர். 1844-இல் சாக்சனி மன்னர் அவருடைய சிறு கடைக்கு வந்தார். உடன்வந்த மருத்துவர் கடைக்காரியின் பெயரைக் கேட்டுக் குறிப்பேட்டை நீட்டியபோது, மேரி தம் பெயரைத் தாமே எழுதிக் கொடுத்து, ஐரோப்பா முழுவதும் தம்மை அறியும் என்று சொன்னாராம். மூன்றாண்டுக்குப் பின், 1847-இல், மார்பகப் புற்றுநோயால் அவர் காலமானார். அவரைச் சேர்த்துக்கொள்ளாத அதே சங்கத்தில் அதன் தலைவர் டி லா பெச் இரங்கலுரை நிகழ்த்தினார். 1850-இல் சங்கத்து உறுப்பினர்கள் ஊர்த் தேவாலயத்தில் அவர் நினைவாக வண்ணக் கண்ணாடிச் சாளரம் அமைத்தனர். 2022-இல் அவர் பிறந்தநாளான மே 21-ஆம் தேதி, கையில் சுத்தியலோடு, பக்கத்தில் நாயோடு, அவருடைய சிலை ஊரில் திறந்து வைக்கப்பட்டது.

இக்கடற்கரைப் பகுதியை 2001-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவர் பிறந்த வீடிருந்த இடத்தில் இன்று அருங்காட்சியகம் நிற்கிறது. ஆயினும் ஊருக்குத் தீராத இக்கட்டு ஒன்று உண்டு. பாறை சரிந்தால்தான் புதைபடிவம் கிடைக்கும்; பாறை சரிந்தால் வீடுகளுக்கும் ஆபத்து. எனவே ஊரை ஒட்டிய பகுதிக்கு 2014-இல் முடிந்த கடற்சுவர் முதலிய காவல்களை அமைத்துவிட்டு, ஊருக்கு அப்பாலுள்ள பாறைகளைக் கடலின் போக்குக்கே விட்டிருக்கிறார்கள்.

விடுமுறையில் ரயிலேறி ஊருக்குச் செல்லும் நேயர்களில் பலர் விருத்தாசலத்துக்கும் திருச்சிக்கும் இடையே அரியலூரைக் கடப்பீர்கள். அவ்வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் அம்மோனைட் கற்கள் கிடைக்கின்றன; ஒரு காலத்தில் கடல் அங்கும் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றை ஆராய்ந்து எழுதிய ஐரோப்பிய அறிஞர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. வெயிலில் மண்வெட்டியோடு நின்று அக்கற்களைத் தோண்டி எடுத்துக் கொடுத்த கைகளும் இருந்திருக்கும் அல்லவா? வண்டி அரியலூரில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.